கேட்லாக்காரர்

நான் உத்திரமேரூர் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்த நாட்களில், ஊரிலேயே அதிகமாகத் தபால் வந்தது ஒருவருக்குத்தான். வக்கீலுக்கு இல்லை, அரிசி மில் முதலாளிக்கும் இல்லை. அந்த மில்லில் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தவருக்கு. டிராக்டர் கம்பெனி எழுதும், பிரஷர் குக்கர் கம்பெனி எழுதும், ஊட்டி ஓட்டல்காரர்கள் எழுதுவார்கள், அவர் ஏறவே போகாத விமானத்துக்காரர்கள்கூட எழுதுவார்கள். சொந்தக்காரர் என்று யாரும் ஒரு கார்டு போட்டு நான் பார்த்ததில்லை.

மில்லில் மத்தியானச் சங்கு ஊதியதும் வந்து நிற்பார். தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவரும்வரை அவருக்குப் பொறுக்காது. தலை, புருவம், காது மடல் எல்லாம் தவிட்டுத் தூள் படிந்திருக்கும். கைகள் மட்டும் பளிச்சென்று இருக்கும். வரும் வழியில் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, அதற்கென்றே இடுப்பில் செருகியிருக்கும் துண்டில் துடைத்துக்கொண்டு வருவார்.

“வந்துச்சா தம்பி?”

“வந்து கீதுண்ணா. இந்த வாட்டி இன்னா வாங்கப் போற?”

“வாங்கறதா? யாரு வாங்கறா?” என்று சிரிப்பார்.

வருவதெல்லாம் கம்பெனி கேட்லாக்குகள், புக் போஸ்ட்டில். அது ஒட்டாமல் திறந்த வாயோடு வரும் சமாசாரம். ஆபீஸில் நாங்கள் எல்லோரும் எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பச் செருகிவிடுவோம். மற்றவர்கள் யாரும் கண்டுபிடித்ததில்லை. இவர் உறையிலிருந்து பாதி இழுத்ததுமே சொல்லிவிடுவார், “யாரோ பிரிச்சுகிறாங்க. இது அதோட மடிப்பு இல்ல.” தபால்காரர் அந்தப் பக்கம் திரும்பி, இல்லாத முத்திரையைத் தேட ஆரம்பிப்பார்.

ஊர் அவரை நோட்டீசுக்காரர் என்றது. அதில் மட்டும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “நோட்டீஸ் வேற, கேட்லாக் வேற. நோட்டீஸ்னா ரோட்ல போறவன் கையில திணிக்கிறது. இது எனக்குன்னு பேரு எழுதி வந்தது” என்பார். வாரப் பத்திரிகைகளின் மூலையில், விவரங்களுக்கு இதை வெட்டி அனுப்பவும் என்று ஒரு கூப்பன் இருக்கும் அல்லவா, அதுதான் அவருக்கு மூலதனம். முடி திருத்தும் கடையில் கிடக்கும் பத்திரிகைகளில் ஒன்றுகூட முழுசாக இருக்காது.

அவர் வீடும் என் வீடும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். தனி ஆள். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். புள்ளலூரில் வாழ்க்கைப்பட்ட ஓர் அக்கா இருந்தார். அந்த அம்மாள் நினைத்துக்கொண்டால் பஸ் ஏறி வருவார், ஒரு தூக்கு நிறையக் குழம்பு கொண்டுவருவார், சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரே பேச்சைத்தான் பேசுவார்.

“இந்த வூட்டுக்கு ஒரு மனுசி வரணும் நைனா. காயிதத்தோட எத்தினி நாளு குடுத்தனம் பண்ணுவ?”

அவருக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. அதை மறைத்ததும் இல்லை. ஒரு சாயங்காலம் கிணற்றடியில் என்னிடம் சொன்னார், “பூட்டைத் தொறக்கறேன் பாரு தம்பி, அப்போ உள்ளேருந்து யாராச்சும் ‘யாரு’ன்னு கேட்டா நல்லா இருக்கும்.” சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று இரண்டு வாய்ச் சோறு குறைவாகத்தான் இறங்கியது.

கேட்லாக்குகளை அவர் கட்டிப் போடமாட்டார். கயிறு ஓரத்தைக் கடிக்கும். ரப்பர் வளையம் கூடவே கூடாது. அது உருகி ஒட்டிக்கொள்ளும். துவைத்த வேட்டித் துணியை விரித்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, நடுநடுவே வசம்பு வைத்துப் பரணில் வைத்திருப்பார். எந்தச் சாமானின் கேட்லாக் என்பது கணக்கில்லை, எப்படி மடிக்கிறது என்பதுதான் கணக்கு. இரண்டு மடிப்பு ஓர் அடுக்கு, மூன்று மடிப்பு ஓர் அடுக்கு. விசிறிபோல் விரிவது ஒன்று. இரண்டு பக்கமும் கதவுபோலத் திறந்து நடுவில் படம் தெரிவது ஒன்று. அதற்குத்தான் அவரிடம் தனி மரியாதை. டிராக்டரும் முகப் பவுடரும் ஒரே அடுக்கில் கிடக்கும். நான் கேலி செய்தால், “மனுசாள ஜாதி பார்த்துப் பிரிக்கிறீங்களே, அத வுட இது மோசமா?” என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

அச்சு சரியாக விழாத பிரதிகள் அவருக்குச் செல்லப்பிள்ளைகள். நாலு வண்ணத்தில் ஒரு வண்ணம் நகர்ந்து விழுந்தால் போதும், குதிப்பார். “பாரு, இந்தம்மா உதட்டுச் செவப்பு தாடைக்கு வந்துடுச்சு! லட்சம் காயிதத்துல எனக்குன்னு இதைப் போட்டுகிறான் பாரேன்.”

அந்தம்மாள் யார் என்று சொல்லவில்லையே. அவரிடம் ஒரு பெண்மணி இருந்தார். தப்பாக நினைக்க வேண்டாம், படத்தில்தான். மிக்ஸி கேட்லாக்கில் புதுப்பெண்ணாக நின்றவர், பிறகு குக்கரில் கரண்டியோடு வந்தார், அப்புறம் சத்துமாவில் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. கம்பெனி மாறினாலும் முகம் மாறாது. இவர் வரிசையாக எடுத்து வைத்துக் காட்டி, “கொஞ்சம் எளைச்சுட்டாங்க இல்ல?” என்று நிஜமாகவே கவலைப்பட்டார். நான் சிரித்தேன். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று, ஏனென்றால் அவர் சிரிக்கவில்லை.

ஒருமுறை பம்புசெட் கம்பெனிக்காரர் ஒருவர் நிஜமாகவே வந்து இறங்கிவிட்டார். கூப்பனில் ‘எங்கள் பிரதிநிதி நேரில் வர வேண்டுமா’ என்ற கட்டத்தில் இவர் டிக் போட்டு வைத்திருக்கிறார். வெயிலில் வந்த அந்த ஆள் என் கவுண்டரில்தான் விலாசம் கேட்டார். “எத்தனை ஏக்கருங்க அவருக்கு?” என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பும் பரிதாபமும் ஒன்றாக வந்தன. இவருக்கு ஒரு பிடி மண்கூடக் கிடையாது. கிணறே எங்களோடு பங்கு. இருந்தாலும் இவர் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய் இலை போட்டுச் சாப்பாடு போட்டார். அந்தக் கம்பெனியின் பழைய கேட்லாக்குகளையெல்லாம் எடுத்து விரித்தார். வந்தவர் முதலில் கடுகடுவென்றுதான் இருந்தார். பிறகு என்ன ஆயிற்றோ, சாயங்காலப் பஸ்ஸுக்குத்தான் கிளம்பினார். வாசலில் நின்று இவர் கேட்டது என் காதில் விழுந்தது.

“அடுத்த மாசம் இந்தப் பக்கம் வருவீங்களா?”

அவர் வரவில்லை. இவர் மட்டும் அதிலிருந்து எந்தக் கூப்பனாக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் டிக் போட ஆரம்பித்தார்.

“பாவம்ணா அவனுங்க. எங்கேருந்தோ பஸ் புடிச்சு வரானுங்க” என்றேன்.

“சோறு போட்டுத்தானே அனுப்பறேன்” என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கோடையில் அவர் அக்கா ஒரு மேசை விசிறி வாங்கி வந்து வைத்தார். மறுநாளே அந்த விசிறியின் கேட்லாக்கை இவர் என் மனைவியிடம் கொண்டுவந்து நீட்டினார். “கொயந்தைங்க நோட்டுக்கு அட்டை போட்டுக்கோங்கம்மா.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரிடம் இருந்ததிலேயே அழகானவற்றில் அது ஒன்று. முழு நீலத்தில், ஒரு பெண்ணின் தலைமுடி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை பறக்கும்.

“ஏண்ணா இத குடுக்கற?”

“அதான் ஃபேனே வந்துடுச்சே. இனிமே இது வெறும் காயிதம்.”

கடைசியில் அக்காதான் ஒரு இடம் கொண்டுவந்தார். சாலவாக்கத்துப் பக்கம், ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் குடும்பம். பெண்ணுக்கு முப்பது தாண்டிவிட்டது. படுத்த படுக்கையாக இருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் வயது போய்விட்டது. அப்பா காலமானபின் அண்ணன்தான் எல்லாம். பெண் பார்க்க அக்காவோடு நானும் போனேன். பஸ்ஸில் இவர் மடியில் ஒரு பை. “ஸ்வீட்டாண்ணா?” என்றேன். பையை இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டார்.

காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தப் பெண் சுவரோரம் நின்றார். இவர் திடீரென்று பையைத் திறந்து ஃபிரிட்ஜ் கேட்லாக் ஒன்றை எடுத்து நீட்டினார். எனக்கு எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் போலிருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் ஒரு கணம் பார்த்தார். பிறகு முந்தானையில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அதில் ஃபிரிட்ஜ் படத்தின் கதவை மட்டும் தனியாக வெட்டி மடித்திருப்பார்கள். திறந்தால் உள்ளே ஆப்பிளும் தண்ணீர் பாட்டிலும் வரிசையாகத் தெரியும். அவர் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“மூடினா உள்ள வெளக்கு அணைஞ்சுடுமா?” என்று கேட்டார்.

வீடே சிரித்தது. இவரும் சிரித்தார். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா நிறம், நகை, நிலம் என்று என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தார். இவர் என் பக்கம் குனிந்து, “கையைத் தொடைச்சுக்கினு தொட்டாங்க, பார்த்தியா? யாரும் சொல்லல” என்றார். அவ்வளவுதான், எனக்கு விஷயம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள். நிச்சயத்தன்று இவராகவே எழுந்து, “பத்திரிகை என் பொறுப்பு. ரெண்டு வூட்டுக்கும் நானே அடிச்சுத் தரேன்” என்றார். பெண்ணின் அண்ணனுக்கு ரொம்பச் சந்தோஷம். “மாப்ளைக்கு அதுல தெரியாதது இன்னா கீது, பண்ணுங்க” என்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. அச்சாகி வந்ததும் குலதெய்வத்தின் முன்னால் வைத்துக் கும்பிட வேண்டும். அடுத்து தாய்மாமனுக்கு, வெற்றிலை பாக்கோடு, நேரில். அவர் கைக்குப் போகாமல் வேறு ஒருவர் கைக்குப் போகக்கூடாது. அதற்கப்புறம்தான் பங்காளிகள், சம்பந்திகள், ஊர். எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை, கடைசியில் வைத்தார்கள் என்று ஆரம்பிக்கும் சண்டை பேரன் காலம்வரை போகும்.

காஞ்சிபுரம் அச்சகத்துக்கு நானும் கூடப் போனேன். அங்கே மாதிரிகளை எடுத்துப் போட்டார்கள். மேலே பிள்ளையார், நாலு மூலையிலும் மஞ்சள். இவர் விரல் நுனியால் தள்ளிவிட்டார். “இது எல்லா வூட்டுக்கும் அடிக்கிறது.” அவருக்குக் கதவு மடிப்பு வேண்டும். இரண்டு பக்கமும் திறக்க வேண்டும், உள்ளே கோலம், கோலத்துக்குக் கீழே பெயர்கள். வழவழப்பான ஆர்ட் பேப்பர். குங்குமம் குங்குமமாகவே விழ வேண்டும். அச்சகக்காரர் காலால் மிதித்து ஓட்டும் தம் மிஷினைக் காட்டி, “இதுல அதெல்லாம் வராது சார், சிவகாசியிலதான் பண்ணணும்” என்றார். இவர் உடனே சிவகாசிக்கு எழுதினார்.

எழுதிவிட்டுச் சும்மா இருந்தாரா, இல்லை. வெள்ளைக் காகிதத்தை வாங்கிவந்து வெட்டி மடித்து மாதிரிகள் செய்ய ஆரம்பித்தார். மில்லிலிருந்து வந்தால் அதே வேலைதான். அவர் வீட்டுக்குள் போனால் தரை முழுக்க வெள்ளைக் கதவுகள் நிற்கும். ஒரு எழுத்துகூட இருக்காது. திறந்து மூடி, திறந்து மூடிப் பார்ப்பார். “தொறக்கறப்போ கொஞ்சம் இழுக்கணும் தம்பி. தொட்டவொடனே தொறந்துக்கினா அதுல மரியாதை இல்ல” என்பார். அந்த நாட்களில் அவர் முகத்தில் இருந்த களை வேறு. சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுக்கூடக் கேட்டது.

பங்குனி போயிற்று. சிவகாசியிலிருந்து நிறம் பார்க்க அச்சடித்த ஒரு துண்டுத் தாள் வந்தது. சிவப்பு செங்கல்போல இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். இன்னொன்று வந்தது. அதையும் அனுப்பினார். சித்திரை பிறந்தது. பெண்ணின் அண்ணன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, வீடு பூட்டியிருக்கவே என் கவுண்டருக்கு வந்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

“மாப்ள எங்க சார்?”

“காஞ்சிபுரம் போய்கிறாருங்க, அச்சாபீஸுக்கு.”

“இன்னும் அச்சாபீஸா?” என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “எங்க மாமா தெனம் கேக்கறாரு, பத்திரிகை எங்கடான்னு. நான் இன்னா சொல்றது? சாமிக்கு வெக்கல, மாமனுக்கு வெக்கல, ஊர்ல ஒருத்தனைக் கூப்பிட முடியல. அவருக்குக் கண்ணாலத்துல இஷ்டம் இல்லையான்னு எல்லாம் கேக்கறாங்க. ரொம்பப் பேஜாரா கீது சார். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க.”

காஞ்சிபுரத்திலிருந்து இவர் திரும்பியதும் நேராகப் போனேன். அன்று நான் மரியாதையெல்லாம் பார்க்கவில்லை.

“உனக்கு அறிவு கீதாண்ணா? கண்ணாலம் நெருங்கிக்கினு கீது, நீ செவப்பு சரியில்ல, மடிப்பு சரியில்லன்னுகினு கீற. மஞ்சா மூலை வெச்சு அடிச்சா தாலி ஏறாதா?”

கையிலிருந்த வெள்ளை மடிப்பை மூடினார்.

“அடிச்சுட்டா அப்பால மாத்த முடியாது தம்பி.”

“அதுக்குத்தானே அடிக்கிறது!”

“அடிச்சா அவங்க வந்துடுவாங்க. வந்து எல்லாத்தையும் பார்ப்பாங்க. மய பேஞ்சா செவுரு ஊறுது. நான் துன்றப்போ பேச மாட்டேன், பேசிப் பயக்கமில்ல. எல்லாம் பார்ப்பாங்க.” பரணைக் காட்டினார். “அதுல கீறவங்க யாரும் என்னைப் பார்க்கறதில்ல தம்பி. நான்தான் பார்க்கறேன்.”

எனக்கு வந்த ஆத்திரம் அப்படியே இறங்கிப்போயிற்று. இத்தனை நாள் சுவருக்கு அந்தப் பக்கம் இந்தப் பயத்தை வைத்துக்கொண்டா இந்த மனிதர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்! பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

“அண்ணா, அவங்க வந்து பார்க்கட்டும். செவுரு எங்க வூட்லயும்தான் ஊறுது. எம் பொண்டாட்டி என்னை வுட்டுட்டா போய்ட்டா?”

சிரித்தார். “நாளைக்கே போறேன். மஞ்சா மூலையே இருந்துட்டுப் போவட்டும்” என்றார். அதைச் சொன்னபோது மனதாரத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் போகவும் போனார். போன இடத்தில் அச்சகக்காரர் சும்மா இருந்திருக்கலாம். மெட்ராஸிலிருந்து புதுசாகத் தங்க மை வரவழைத்திருக்கிறேன், லாரி வந்ததும் பிரிக்கலாம் என்று சொல்லிவிட்டார். இவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். “மஞ்சா மூலைதான் தம்பி, சத்தியமா. அந்த மஞ்சாவ தங்கத்துல அடிச்சா எப்படி இருக்கும், சொல்லு” என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். லாரி வர ஒரு வாரம் ஆயிற்று.

மை வருவதற்குள் புள்ளலூர் அக்கா வந்துவிட்டார். தூக்கு எதுவும் கொண்டுவரவில்லை. பெண்ணின் தாய்மாமன் அவர்கள் வீடேறிப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். பத்திரிகை அடிக்கத் துப்பில்லாதவன் வீட்டுக்கு ஏன் பெண்ணை அனுப்ப வேண்டும், குறித்த முகூர்த்தம் தவறக்கூடாது, பெண்சாதி தவறிப்போன என் மகன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். அண்ணனால் மறுத்துப் பேச முடியவில்லை. அன்றைக்கே தட்டும் மாற்றிவிட்டார்கள்.

“அந்தப் பொண்ணு ரெண்டு நாளு சோறு துன்னலியாம் நைனா” என்று மட்டும் அக்கா சொன்னார். வையவில்லை. தரையில் நின்ற வெள்ளைக் கதவுகளின் மேல் படாமல் ஒதுங்கி நடந்து, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார். இவர் வாசல்வரை போனார். பஸ் போனபிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. என் மனைவி சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டிவிட்டு, அப்படியே கொண்டுவந்து வைத்தாள்.

வைகாசி பிறந்ததும் அந்த உறை வந்தது. பெண்ணின் அண்ணன் முறை தெரிந்த மனிதர். ஒரு காலத்தில் சம்பந்தியாக இருக்க வேண்டியவர் என்று நினைத்தாரோ, மன்னிப்புக் கேட்கிற மாதிரி அனுப்பினாரோ, தெரியாது. முத்திரை குத்திவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். மேசைக்குள் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தபால் ஆபீஸ் பிழைப்பில் அது முடியாது. மத்தியானச் சங்கு ஊதியது.

“வந்துச்சா தம்பி?”

கொடுத்தேன். விலாசத்தைப் பார்த்தார். உறையிலிருந்து இழுத்தார். உள்ளூர் அச்சு, மலிவுக் காகிதம், மேலே பிள்ளையார். எத்தனையோ கேட்லாக்குகளை அவர் அந்தக் கவுண்டரில் நின்று பிரித்து நான் பார்த்திருக்கிறேன். தாளைத் திருப்பிப் பார்ப்பார், ஓரத்தைத் தடவுவார், மோந்து பார்ப்பார். அன்று ஒன்றும் செய்யவில்லை. ஒரு வரியிலேயே நின்றார்.

“அவங்க பேரை இப்பத்தான் அச்சுல பார்க்கறேன்” என்றார்.

நான் ஸ்டாம்புத் தாளைக் கிழிப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“எந்தக் காயிதமா இருந்தா இன்னா. பேரு நல்லாத்தான் கீது, இல்ல? நான் மொதல்ல இத அடிச்சுப் பார்த்திருக்கணும்.”

பின்னால் மணியார்டர் கட்ட நின்றவர், “நவுருங்க சார், நேரமாவுது” என்றார். அவர் உடனே நகர்ந்து சுவரோரம் போய் நின்றார். பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை பெயர், நாள், கிழமை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்த ஒரு பெயரை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.